வீடியோ மேல பழியப் போடாதீங்க சாமி!

"நேர்ல உக்காந்து சொல்லித் தந்தாத்தான் அது சூப்பர்விஷன். ஸ்க்ரீன்ல மனசப் படிக்க முடியுமா?"

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில, மனநலப் படிப்பு சொல்லித்தர்ற பெரியவர் ஒருத்தர் இப்படி ஜல்லியடிச்சுக்கிட்டு இருந்தார். பக்கத்து இலையில என் சித்தி பொண்ணு. கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சியில இருக்கா. ஒண்ணும் பேசாம ரசத்தைக் குடிச்சா.

அவ கதை இதுதான். வாராவாரம் வீடியோவுல "சூப்பர்விஷன்". நாப்பது பேர், எல்லாரும் மியூட். சார் ஸ்லைடு படிப்பார். பயிற்சி ஏட்டுல ஒரு மணி நேரம்னு கையெழுத்து விழும். ஒருநாள், தன்கிட்ட வர்றவர் ஒருத்தர் "உயிரோட இருக்கவே பிடிக்கல"ன்னு சொன்னதை அங்க கேட்டா. "அடுத்த வாரம் பாப்போம்மா"ன்னு பதில்.

அன்னிக்கே வேற ஊர்ல இருக்குற ஒரு சீனியரைப் பிடிச்சா. அதுவும் வீடியோ கால்தான். நீ என்ன கேட்ட, அவர் என்ன சொன்னார், வீட்டுல கூட யார் இருக்காங்கன்னு ஒண்ணொண்ணாக் கேட்டு, அடுத்து செய்யவேண்டியதைச் சொன்னாங்களாம். இருபதே நிமிஷம்.

ரெண்டுமே வீடியோதான். அப்போ கோளாறு எங்க?

பொட்டி தட்டுற எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். கோட் ரிவ்யூன்னா எழுதுன கோடைத் திறந்து பாக்கணும். "நல்லா எழுதிட்டேன் சார்"ங்கறதைக் கேட்டுட்டுத் தலையாட்டுறது ரிவ்யூ இல்ல. கார்ல் ரோஜர்ஸ் 1940-கள்லயே சிகிச்சை உரையாடல்களை ஒலித்தட்டுல பதிவு பண்ணி, மாணவர்களோட உக்காந்து அலசினார். 2003-ல அமெரிக்காவோட நியூ மெக்சிகோவுல டாக்டர் சஞ்சீவ் அரோரா 'எக்கோ' முறையைத் தொடங்கினார். கிராமத்து டாக்டர்கள் நோயாளி பேரை மறைச்சு, தங்களோட சொந்த கேஸையே வீடியோவுல எடுத்து வெப்பாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸும் இந்த வழியில பயிற்சி தந்திருக்கு.

2015-16 தேசிய மனநல ஆய்வுப்படி, நோயைப் பொறுத்து 70-லேருந்து 92 சதவீதம் பேருக்கு சிகிச்சையே கிடைக்கல. அனுபவசாலிங்க பெரிய ஊர்லயே இருக்கும்போது, "நேர்ல வந்தாத்தான்"னா சின்ன ஊர்ல பயிற்சி எடுக்குற பிள்ளைங்க எங்க போவாங்க?

ரகசியம் கசியுமேங்கற பயம் நியாயம்தான். அதுக்கு நோயாளியோட சம்மதம் வாங்கணும், பூட்டு போட்டு வெக்கணும், வேலை முடிஞ்சா அழிக்கணும். கதவைச் சாத்துறது தீர்வு இல்ல.

ஒரு குழுவுல நாலஞ்சு பேர். அவங்கவங்க கேஸ். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர். இதைத் தர முடியலன்னா அதுக்குப் பேரு சூப்பர்விஷன் இல்ல, வெறும் லெக்சர். அதுக்குப் போய்க் கையெழுத்து போடாதீங்க. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நாளைக்கு ஒருத்தர் அவ முன்னாடி வந்து உக்காரப் போறார்.

டிஸ்கி: பெரியவர்கிட்ட இதையெல்லாம் நேர்ல சொல்லல. பாயசம் வந்துருச்சு.