தொட்டியின் கீழே ஒரு வளைந்த குழாய்

அரசியல் எழுதிப் பழகிய கை குசினித் தொட்டியின் அடிக்குழாயைப் பற்றி எழுதலாமா என்று வாசகர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். கரவெட்டியில் அண்மைக் காலத்தில் நான் போய்வந்த புதிய வீடுகள் பலவற்றில் ஒரே முறைப்பாட்டைக் கேட்டேன். "வீடெல்லாம் மணக்குது."

2009இற்குப் பிறகு ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் உழைத்த பணத்தில் எழுந்த வீடுகள் அவை. அறைக்கொரு குளியலறை, மேல்மாடியில் இரண்டாவது குசினி, முன்வாசலில் முகம் தெரியும் ரைல்ஸ். ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடப்பவை சில. முதிய தாய் ஒருவர் முன்னறையில் மட்டும் வாழ்ந்துகொண்டிருப்பவை சில. கோயில் திருவிழாவுக்கென்று வந்திறங்கும் பிள்ளைகள் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்துகிறார்கள். மேசனை ஏசுகிறார்கள். மலக்குழி நிரம்பிவிட்டதென்று பவுசரை அழைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு.

தொட்டியின் கீழுள்ள குழாய் நேராக இறங்காமல், ஒருமுறை வளைந்து மேலேறி, அதன் பின்னரே சுவருக்குள் போவதைக் கண்டிருப்பீர்கள். கடையில் 'ட்ராப்' என்று கேட்டு வாங்குகிறோம். நீரடைப்பு என்று சொன்னால் பொருள் உடனே விளங்கும். பாத்திரம் கழுவிய நீர் ஓடி முடிந்ததும் கடைசிச் சிறங்கை நீர் அந்த வளைவின் பள்ளத்தில் தங்கிவிடுகிறது. ஐந்து முதல் ஏழரை சென்ரிமீற்றர் ஆழந்தான். அதுவே கதவு. மேலிருந்து வரும் நீர் பழைய நீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். புதியது அதன் இடத்தில் அமரும். கீழே குழியிலிருந்து எழும் வாயு அதைக் கடந்து வராது. அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டும், நாற்றமே இல்லாத ஆனால் தீப்பற்றக்கூடிய மெதேனும் அந்த வாயுவில் உள்ளவை. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இந்தக் கதவை மலசலகூடத்துக்குப் பொருத்தி 1775இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கமிங். தொழிலால் அவர் கடிகாரம் செய்பவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

கதவு நீராலானது என்பதே அதன் பலவீனமும். பாவனையில்லாத குழாயில் நீர் ஆவியாகிப் போய்விடும். குளியலறைத் தரையிலுள்ள ஆழங்குறைந்த அடைப்பு, சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்தால், சில வாரங்களில் வற்றிவிடும். அதன் பிறகு குழிக்கும் வீட்டுக்கும் இடையே எதுவுமில்லை. பதினொரு மாதம் பூட்டிய வீடு மணக்காமல் என்ன செய்யும்?

ஆட்கள் நிரம்பிய வீட்டிலும் மணக்கிறதே என்பீர்கள். அங்கே காற்றுக்குழாய் இராது. ஒரு வாளி நீர் குழாய் நிறைந்து விரைந்து இறங்கும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி, வளைவில் நிற்கும் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கூரைக்கு மேல்வரை ஒரு குழாயை நீட்டி அதன் வாயைத் திறந்து வைத்தால் காற்று உட்புகுந்து உறிஞ்சலைத் தடுக்கும். அந்த ஒரு குழாய் வீட்டின் அழகைக் கெடுக்கிறதென்று உரிமையாளரே வெட்டச் சொன்னதாக ஒரு மேசன் என்னிடம் சொன்னார். இன்னும் சில வீடுகளில் அடைப்பே இல்லை. சுருள் குழாயொன்றைக் கயிற்றால் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். கயிறு அறுந்த நாளே கதவும் போய்விட்டது. தேங்காய் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து அடைத்துக்கொள்வது தனிக் கதை. மார்கழி விடியற்காலையில் போத்தலில் எண்ணெய் உறைவதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வாளியைக் கீழே வைத்து வளைவைக் கையால் கழற்றிக் கழுவினால் முடிந்தது.

நாற்றந்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் 2003இல் ஹொங்கொங்கில் நடந்ததை அறியவேண்டும். சார்ஸ் நோய் பரவிய அந்த ஆண்டில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடித் தொகுதி ஒன்றிலேயே முந்நூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தரையை நீரூற்றிக் கழுவாமல் துடைத்து மட்டும் வந்ததால் குளியலறைத் தரை அடைப்புகள் வற்றியிருந்தன. காற்றகற்றும் மின்விசிறிகள் கழிவுக் குழாயின் காற்றை அறைக்குள் இழுத்தன. நோய் அவ்வழியே பரவியிருக்கலாம் என்று விசாரித்தவர்கள் கண்டனர். வாரமொருமுறை ஒவ்வொரு கழிவு வாயிலும் அரை லீற்றர் நீர் ஊற்றுமாறு அந்நகர அரசு மக்களிடம் சொல்லி வருகிறது.

ஆனால் என் கவலை மூக்கோடு நிற்கவில்லை. வளைந்த குழாய் வீட்டைக் காக்கிறது; கிணற்றைக் காப்பதில்லை. இந்த வேறுபாட்டை லண்டன் விலைகொடுத்துக் கற்றது. நாற்றமே நோய் என்று படித்தவர்களும் நம்பிய காலமது. 1854இல் புரோட் வீதியில் கொலரா நூற்றுக்கணக்கானோரைக் கொன்றபோது, காரணம் அங்கிருந்த கைப்பம்பின் நீரே என்று மருத்துவர் ஜோன் ஸ்னோ காட்டினார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு மலக்குழி அந்தக் கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

கரவெட்டிக்கு இது தொலைதூரக் கதையா? குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குவதே நம் குடிநீர். மழை இறங்கும் அதே வழியில் குழிநீரும் இறங்கும். முன்னோர் மலசலகூடத்தை வளவின் கோடியில் வைத்தார்கள்; கிணற்றடி நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் வாழைக்கும் தென்னைக்கும் விட்டார்கள். குழாயில்லாததால் அடைப்பும் வேண்டியிருக்கவில்லை. இன்று கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. குழியும் அதன் பின்னால் வந்துவிட்டது. சீதனமாகப் பிரிந்து பிரிந்து வளவு இரண்டு பரப்பாகச் சுருங்கியபோது கிணறும் குழியும் அயலாகிவிட்டன.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டங்களுக்கு அள்ளிப்போடும் உரத்துக்கும் அதில் பங்குண்டு, மலக்குழிக்கும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது உண்மை. அதனால் கிணறு எக்கேடும் கெடட்டும் என்று இருந்துவிட முடியாது.

ஆகவே பிரதேச சபையிடம் ஒரு கோரிக்கை. வீட்டு வரைபடத்தில் குழாய்களையும், நீரடைப்புகளையும், காற்றுக்குழாயையும் காட்டச் சொல்லுங்கள். குழியை மூடுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இறங்கிப் பார்க்கட்டும். அடி பூசாத குழிக்கு அனுமதி வேண்டாம். முன்வாசல் ரைல்ஸுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆவது அற்பம்.

புலம்பெயர்ந்த அன்பர்களே, விமானம் ஏறுமுன் ஒவ்வொரு கழிவு வாயிலும் நீரூற்றி மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். சாவி வைத்திருப்பவரிடம் வாரமொருமுறை நீரூற்றச் சொல்லுங்கள். இனிக் கட்டப்போகிறவர்கள் மேசனிடம் முதலில் கேட்கவேண்டியது, கிணற்றிலிருந்து குழி எத்தனை அடி என்பதை. உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமல்ல, வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் கிணற்றிலிருந்தும்.