சோம்பேறிகள் என்று முத்திரை குத்துமுன்

பட்டினி கிடக்கும் மக்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது ஆட்சியாளருக்கு என்றும் வசதியானது. காரணம் தேடும் வேலை மிச்சம். பழியும் பசித்தவர் தலையிலேயே விழுந்துவிடும். அன்றைய வட ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜாம்பியாவின் வடபகுதியில் வாழும் பெம்பா மக்களைப் பற்றி வெள்ளையர்கள் அப்படித்தான் பேசிவந்தார்கள். அது எவ்வளவு தவறான பேச்சு என்பதை ஊரோடு தங்கி, அடுப்படியையும் காட்டையும் நாள்தோறும் பார்த்து நிறுவியவர் மானிடவியலாளர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ். மக்களின் வயிற்றைப் பற்றி முடிவெடுக்கும் எந்த அரசுக்கும் இத்தகைய களப்பணி தவிர்க்க முடியாத தேவை என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

1899-இல் பிறந்து, சிறுவயதின் ஒரு பகுதியைக் கல்கத்தாவில் கழித்த ரிச்சர்ட்ஸ், கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்துவிட்டு லண்டனில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியிடம் பாடம் கற்றார். 1930-க்கும் 1934-க்கும் இடையில் இரண்டு தவணைகளாகப் பெம்பா ஊர்களில் தங்கினார். அவர்களின் முதன்மை உணவு கேழ்வரகு. ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த அதே தானியம். அதைக் கெட்டியாகக் கிண்டிய களிக்கு அங்கே 'உப்வாலி' என்று பெயர். ஒருவர் சுட்ட மக்காச்சோளக் கதிர் நான்கைந்தைத் தின்றுவிட்டு, காலையிலிருந்து எதுவுமே சாப்பிடவில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் புலம்புவதை ரிச்சர்ட்ஸ் நேரில் கண்டார். களி உண்டால்தான் அது சாப்பாடு. வாசலில் நின்று கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவருக்கு இந்த உண்மை எட்டாது. அதனால்தான் அவர் கேட்டு எழுதியதோடு நிற்காமல் உணவை எடைபோட்டார். யார் எந்த நாளில் என்ன வேலை செய்தார் என்று குறித்துவைத்தார்.

அந்தக் குறிப்புகளிலிருந்து காரணம் தெளிவாக வெளிப்பட்டது. பெம்பா வேளாண்மையில் ஆண்கள் மரமேறிக் கிளைகளை வெட்டுவார்கள்; பெண்கள் அவற்றைச் சுமந்துவந்து குவிப்பார்கள்; எரித்த சாம்பலில் கேழ்வரகு விதைக்கப்படும். காலனி அரசு வரியைப் பணமாகக் கேட்டது. அதைச் சம்பாதிக்க ஆண்கள் கூட்டம் கூட்டமாகச் செம்புச் சுரங்கங்களுக்குப் போனார்கள். கிளை வெட்ட ஆளில்லாத வீட்டில் விளைச்சல் சுருங்கியது. அடுத்த அறுவடைக்கு முன்பே குதிர் காலியானது. அரைவயிற்றோடு இருந்த மாதங்களில் உழைப்பும் குறைந்தது. பசியால் வந்த தளர்ச்சிக்குத்தான் வெள்ளையர்கள் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள். நிலம், உழைப்பு, உணவு மூன்றையும் பிரிக்க முடியாது என்பதை 1939-இல் வெளிவந்த அவருடைய நூல் ஆதாரத்தோடு காட்டியது.

இந்த ஆய்வுகளெல்லாம் காலனி ஆட்சிக்கு ஊழியம் செய்தவைதானே என்று கேட்பவர்கள் உண்டு. காலனியின் நிழலில்தான் அவர் வேலை செய்தார் என்பது உண்மை. ஆனால் பட்டினிக்கு அந்த ஆட்சியின் வரியும் சுரங்கமும் காரணம் என்று காட்டிய ஆய்வை வெறும் ஊழியம் என்று ஒதுக்க முடியாது. இன்னொரு விமர்சனம் கனமானது. ஆய்வாளர்கள் ஹென்ரியட்டா மூரும் மேகன் வாகனும் 1994-இல் எழுதிய நூலில், பெம்பா வாழ்க்கையின் சிதைவை ரிச்சர்ட்ஸ் மிகைப்படுத்திவிட்டார் என்றும், பெண்கள் மாற்றுப் பயிர்களாலும் உறவுகளின் துணையாலும் சமாளித்த திறமைக்கு உரிய இடம் தரவில்லை என்றும் வாதிட்டார்கள். அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அவரை மறுத்துப் பேச அவருடைய குறிப்புகளே அவர்களுக்குக் கைகொடுத்தன. நாள்வாரியாக எழுதிவைத்த களப்பணியைப் பின்வருவோர் திருத்தலாம். போகிறபோக்கில் சொன்ன பழிச்சொல்லில் திருத்துவதற்கு ஒன்றுமே இருக்காது.

இத்தகைய களப்பணிக்குக் காலமும் செலவும் அதிகம் என்பது கடைசி ஆட்சேபம். காரணம் தெரியாமல் தீட்டும் திட்டத்துக்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது. அந்தச் செலவைச் சுமப்பவர்கள் ஏழைகள். ஊட்டச்சத்துத் திட்டமோ வேளாண் கொள்கையோ வகுப்பவர்கள், படிவத்தோடு ஒருவரை அனுப்பினால் போதும் என்று நினைக்கக் கூடாது. பருவம் முழுவதும் அந்த ஊரில் தங்கிப் பார்க்கும் ஆய்வாளருக்கு இடம் கொடுங்கள். அவர் கொண்டுவரும் கணக்கைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.