கடலின் கணக்கேடு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதப் பலர் உளர் என்பதால், நாம் பேலியகொடை மீன் சந்தையைப்பற்றி எழுதத் துணிந்தோம். இந்துக் கல்லூரி மலரில் மீன் நாற்றமா என மரக்கறி உண்ணும் அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. கடலுக்கு நேரும் கேடு மீன் உண்பாரை மட்டும் பற்றுவதன்று.

புறக்கோட்டையிலிருந்த மத்திய மீன் சந்தை 2011 இற் பேலியகொடைக்கு மாறியது. இரவோடிரவாக லொறிகள் வந்து சேரும் அவ்விடத்திற்குச் சிறிது தொலைவிலேயே களனி கங்கை கடலொடு கலக்கின்றது. ஆற்றில் மணலை அளவின்றித் தோண்டியதனாற் படுக்கை தாழ்ந்தது. மழையற்ற காலத்தில் உப்புநீர் மேலேறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையையே அச்சுறுத்துகின்றது. கரைக்கு வரவேண்டிய மணலும் குறைய, வடக்கே உஸ்வெட்டகெய்யாவப் பக்கத்திற் கடல் நிலத்தை அரிக்கின்றது. வீடு கட்டியவன் ஒருவன், வீடு இழந்தவன் வேறொருவன். இவ்விரண்டையும் ஒரே கணக்கிற் பார்ப்பவர் யார்?

2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னுங் கப்பல் தீப்பற்றி, யூன் 2 ஆந் திகதி அமிழத் தொடங்கியது. அதிலிருந்த 25 தொன் நைத்திரிக்கமிலத்தைப்பற்றியே முதலிற் பேச்சு எழுந்தது. ஆனாற் கரையை மூடியவை, ஏறத்தாழ 1,680 தொன் அளவில் ஏற்றப்பட்டிருந்த பிளாத்திக்கு மணிகள். நீர்கொழும்பு முதற் பாணந்துறை வரை மீன்பிடி தடுக்கப்பட்டது. தடைக்கு அப்பாலிருந்து வந்த மீனையும் வாங்க மக்கள் அஞ்சினர். கடலாமைகள் இறந்து ஒதுங்கியபோது எழுந்த வினா ஒன்றே: வழக்கமாக இம்மாதத்தில் எத்தனை இறக்கும்? நீரில் முன்னர் என்ன இருந்தது? முந்திய அளவு இல்லையேற் பிந்திய அளவுக்குப் பொருளில்லை. 2025 இல் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு விதித்தது. தீர்ப்பு வந்ததில் மகிழ்கின்றோம். எனினும் கடலின் பழைய கணக்கேட்டை எந்தத் தீர்ப்பும் எழுதித் தராது.

ஆராய்ச்சி எமக்குப் புதிதன்று. மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிப் பார்கள் ஆண்டுக்கணக்காகப் பயன் தராதிருந்தபோது, 1902 இல் அரசாங்கம் ஹேர்ட்மன் என்னும் பேராசிரியரை அழைத்தது. அவர் அறிக்கை ஐந்து பாகங்களாக 1903 முதல் 1906 வரை வெளிவந்தது. அந்த 1906 இலேயே பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாயின. 1907 இன் பின் நெடுங்காலம் முத்துக்குளிப்பே இல்லை. ஐந்து பாகமும் நூலகத்தில் நன்றாகவே இருந்தன! நோய் கண்டபின் மருத்துவரை ஒருமுறை அழைத்து, மருந்துச் சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் வழக்கம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை.

அறிஞர் இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நாரா நிறுவனம், களனி முகத்துவாரத்திற்கு அண்மையில் மட்டக்குளிக் காக்கைதீவிலேயே உளது. குறை, ஆராய்ச்சியைத் திட்டமிடும் முறையில் என்பதே எம் கருத்து. நிதி வருமிடத்தைப் பார்த்து வினாவை அமைக்கின்றோம். முடிவெடுக்க வேண்டியவரின் வினாவை முதலிற் கேட்பதில்லை. துறைமுக நகருக்காக 269 எக்டேயர் கடல் நிலமாயிற்று; அதற்குரிய மணல் கடலடியிலிருந்தே வந்தது. மணல் எடுத்த இடத்திற்கு மீன் எப்போது திரும்பும் என்பது நீர்கொழும்பு மீனவனின் வினா. அதற்கு விடை காண, தோண்டுமுன்னும் தோண்டியபின்னும் பல்லாண்டு, அதே இடத்தில், அதே முறையில் அளக்க வேண்டும். புகழ் தராத வேலை. மூன்றாண்டு நிதியொடு முடியவுங் கூடாது.

அளக்கும் இடந்தேடி வெகுதூரம் செல்லவும் வேண்டா. தீவின் பல கரைகளின் மீன் ஓரிடத்திற் குவியும் பேலியகொடையே ஓர் ஆய்வுகூடம். எக்கரையிலிருந்து எவ்வினம், என்ன நீளம் என்பதை மாதம் ஒருநாள் குறித்தாற் போதும். மீன் சிறுத்து வருவதை முதலிற் காட்டுவது அளவுகோலே. எமது உயர்தர உயிரியல் மாணவர் பதின்மரும், விடியுமுன் எழுந்து உடன்செல்லும் ஆசிரியர் ஒருவரும் இதைத் தொடங்கலாம். குறிப்பேடு, அளவுகோல், வாகனச் செலவு ஆகியவற்றைப் பழைய மாணவர் சங்கம் ஏற்குமா எனச் செயலாளரைக் கேட்டுள்ளோம். விடை இன்னும் வரவில்லை.