மின்ஸ்கூட்டரில் ஊர் காண்பது: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

2001 டிசம்பரில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் செக்வே என்னும் மின்வண்டியை அறிமுகம் செய்தபோது, இனி நகரங்களின் அமைப்பே மாறிவிடும் என்று பேசப்பட்டது. பக்கவாட்டில் இரண்டு சக்கரம், நடுவே நிற்க ஒரு தட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. உடலை முன்னே சாய்த்தால் ஓடும். பின்னே சாய்த்தால் வேகம் தணிந்து நிற்கும். நகரங்கள் மாறவில்லை. காவலர்களும் கிடங்குப் பணியாளர்களும் போக, அவ்வண்டிக்கு நிலையான வாழ்வளித்தவர்கள் சுற்றுலாப் பயணிகளே. முன்னே ஒரு வழிகாட்டி செல்ல, பின்னே பத்துப்பேர் தாரா வரிசைபோல் தொடர, பாரிஸையும் பிராகையும் வாஷிங்டனையும் இரண்டு மூன்று மணி நேரத்தில் காட்டி முடிக்கும் தொழில் ஒன்று பிறந்தது. 2015ல் நைன்பாட் என்னும் சீன நிறுவனம் செக்வேயை வாங்கியது. 2020 ஜூலையில் அந்த மூல வண்டியின் உற்பத்தியே நின்றுபோனது. ஏறத்தாழ இருபதாண்டுகளில் விற்றவை சுமார் 1,40,000 வண்டிகள்தாம்.

இக்கதைக்கும் தேனி மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். வண்டி மறைந்தாலும் அது பழக்கிவிட்ட சுற்றுலா முறை மறையவில்லை. தனியாள் ஓட்டும் சிறு மின்வண்டி, அதன் முன்னே ஒரு வழிகாட்டி என்னும் அம்முறை இன்று எந்த ஊருக்கும் எளிதில் வந்துவிடக்கூடியது. மின்ஸ்கூட்டர்கள் நம் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உற்பத்தியாகின்றன. 250 வாட்டுக்கு மிகாத திறனும் 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் உடைய வண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டியதில்லை. லோயர்கேம்ப் முதல் தேனி வரை ஆறும் வாய்க்காலும் நெல்வயலும் திராட்சைப் பந்தலுமாக நீளும் கம்பம் பள்ளத்தாக்கு இத்தகைய சுற்றுலாவுக்கென்றே அமைந்ததுபோல் தோன்றும். அது வரவேண்டுமா, வந்தால் எப்படி வரவேண்டும் என்பதை வண்டிகள் வந்திறங்கும் முன்பே நாம் பேசிவிடுவது நல்லது.

மேலைநகரங்களின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். பிராக் நகரம் 2016ல் தன் மையப்பகுதியில் செக்வேக்களைத் தடை செய்தது. பாரிஸில் வாடகை மின்ஸ்கூட்டர்கள் குறித்து 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்க வந்தவர்கள் சொற்பமே. வந்தவர்களில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் அவ்வண்டிகள் தெருவிலிருந்து அகற்றப்பட்டன. இரண்டு நகரங்களிலும் எழுந்த முதன்மையான முறையீடு ஒன்றுதான்: நடப்பவருக்குரிய இடத்தை வண்டி பிடித்துக்கொண்டது. புகையில்லை, இரைச்சலில்லை என்பதனாலேயே ஒரு வண்டி தீங்கற்றதாகிவிடாது. ஓசையின்றிப் பின்னால் வருவது முதியவருக்கு இன்னும் பெரிய அச்சம்.

இதை நம் பள்ளத்தாக்கில் பொருத்திப் பார்ப்போம். இங்கே நடைபாதை என்பது வாய்க்கால் கரை. முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நிலத்தின் கரைகளும் வரப்புகளும் உலாவுவதற்காக வெட்டப்பட்டவை அல்ல. நாற்றுக்கட்டும் புல்லுக்கட்டும் தலையில் சுமந்து பெண்கள் வரும் வழி அது. மடை திறக்கப் போகிறவரின் வழி அது. எதிரே பத்து மின்வண்டிகள் வரிசையாக வந்தால் யார் யாருக்கு ஒதுங்குவது? நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு விடை தெரியும். சுமையோடு வருபவள்தான் சேற்றில் இறங்கி நிற்பாள். காசு கொடுத்து வந்தவர் காட்சி கண்டு போவார்.

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் சொல்லும் எச்சரிக்கை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வயல்வழியே செல்வோமாயின் வரப்பில் கிடக்கும் நண்டும் நத்தையும் நம் காலடியில் பட்டு நோகக்கூடும், அத்துன்பம் தாங்கவொண்ணாதது என்கிறார் அவர். சமணத் துறவியின் அறம் அது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பிறர் நிலத்தின் வழியே ஊர் காணச் செல்பவர் காலடியைக் கவனிக்க வேண்டும் என்பது எந்தச் சமயத்தவருக்கும் பொருந்தும். காலடிக்கே இத்தனை கவனம் வேண்டுமெனில் சக்கரத்துக்கு எத்தனை வேண்டும்?

அக்காப்பியம் முழுவதுமே நடையால் ஆனது. கணவனோடு கிழக்கு வாயிலில் மதுரைக்குள் நுழைந்தவள், தனியளாய் மேற்கு வாயிலில் வெளியேறி வையைக் கரையோடு நடந்து மலையேறினாள். கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் உள்ள மங்கலதேவி கோட்டமே கண்ணகி கோயில் என்று 1963ல் அடையாளங்காட்டியவர் புலவர் சி. கோவிந்தராசனார். சித்திரா பௌர்ணமியன்று ஒருநாள் மட்டும் அக்கோயிலுக்கு மக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். தமிழகப் பகுதியான பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் மலையேறி நடக்க வேண்டும். குமுளியிலிருந்தோ ஜீப் செல்கிறது. முழங்கால் நோவுள்ள மூதாட்டிக்கு ஜீப் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நடக்க இயலாதவருக்கு வண்டி மறுப்பது பக்தியுமாகாது, பண்புமாகாது. ஆனால் நடக்க இயன்றவரையும் வண்டியில் ஏற்றுவதே முன்னேற்றம் என்று கருதி, அந்தக் காட்டுவழியையும் சக்கரத்துக்கு அகலப்படுத்தும் எண்ணம் எந்நாளும் எழலாகாது.

அப்படியானால் மின்ஸ்கூட்டர் சுற்றுலா கூடவே கூடாதா? கூடும் என்பதே நம் கருத்து. தார்ச்சாலையிலும் ஊர்த்தெருவிலும் ஓடட்டும். பேருந்து நிற்காத இடத்தில் நிற்கவும், காரின் கண்ணாடிக்குப் பின்னிருப்பவர் உணராத காற்றை உணரவும் அது உதவும். செக்வே சுற்றுலாக்களில் நிலைத்த மதிப்புடையது வண்டியன்று, முன்னே சென்ற வழிகாட்டியின் பேச்சு என்பது நம் துணிபு. வண்டி நின்றபோது அவர் என்ன சொன்னார் என்பதே ஊரைக் காட்டியது. நம்மிடம் இல்லாதது வண்டியன்று, சொல்பவர்.

சொல்வதற்கு இங்கே என்ன குறை? லோயர்கேம்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களின் முன் நின்று, 1895ல் முடிந்த அணையின் நீர் மேற்கே ஓடாமல் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பிய கதையைச் சொல்லலாம். அந்நீர் வயலுக்குப் போகும் வழியில் மின்சாரமும் தருகிறது என்று சொன்னால், தாம் ஏறிவந்த வண்டியையே பயணி வேறு கண்ணால் பார்ப்பார். கம்பத்துப் பந்தலடியில், 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையைப் பேசலாம். சின்னமனூரில், மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் குறிப்பிடும் பாண்டியர் செப்பேடுகள் இவ்வூர்ப் பெயராலேயே வழங்குவதைச் சொல்லலாம். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ல் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, தொல்காப்பியர் வெட்சித்துறையாகச் சொன்ன ‘ஆகோள்’ என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. இலக்கணச் சொல் ஒன்று கல்லில் கிடைத்த ஊர் இது.

இன்று இவற்றைச் சொல்வார் யார்? கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதற்கு ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியில். நம் மலையின் சூரிய உதயத்தைக் காட்டும் வருவாய் அடுத்த மாநிலத்தில் தங்குகிறது. அதில் நமக்குப் பொறாமையில்லை, அவர்கள் உழைத்தார்கள். நாமோ தமிழ் முதுகலை முடித்த மாணவர்களை ஜவுளிக்கடைக்கும் தொலைதூர நகரங்களுக்கும் அனுப்பிவிட்டு, சுற்றுலா வளரவில்லை என்று கூட்டங்களில் பேசுகிறோம்.

ஆகவே நம் வேண்டுகோள் இது. வண்டி வாங்கும் முன் வழிகாட்டிகளை உருவாக்குங்கள். மாவட்டக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பு நடத்தட்டும். தேறியவர்க்கு அரசு உரிமமும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற ஊதியமும் உறுதி செய்யட்டும். வாய்க்கால் கரையில் பயணிகள் வண்டியை விட்டிறங்கி நடக்க வேண்டும் என்பதும், சுமையோடு வருபவருக்கு அவர்களே ஒதுங்க வேண்டும் என்பதும் முதல் விதிகளாகட்டும். பளியன்குடி வழி காலுக்கு மட்டுமாக இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகு ஸ்கூட்டர் வரட்டும்; வராவிட்டாலும் பெரிய இழப்பில்லை. சொல்லத் தெரிந்த ஒருவர் முன்னே சென்றால், இந்தப் பள்ளத்தாக்கை மிதிவண்டியிலும் காணலாம்.