பட்டம் இருக்கிறது, முத்திரை எங்கே?

வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "என் மகள் பேராதனையில் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவள். திருமணமாகி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனாள். அங்கே திரும்பவும் பரீட்சை எழுத வேண்டுமாம். நமது படிப்பை அவர்கள் மதிக்கவில்லையா?"

என் பெறாமகளும் ஹூஸ்டன் நகரில் இதே பாட்டைத்தான் படுகிறாள். "சித்தி, நான் ஏற்கெனவே இஞ்சினியர்தானே?" என்று கேட்பாள். இதை அவமதிப்பாக நான் நினைக்கவில்லை. அங்கே பிறந்து, அங்கேயே படித்த பிள்ளைக்கும் பட்டம் மட்டும் போதாது. அதற்குக் காரணம் ஒரு பாடசாலை.

டெக்சாஸின் கிழக்கே, எண்ணெய் வளம் கொழித்த நியூ லண்டன் என்ற ஊரில் அது இருந்தது. வசதியான பாடசாலைதான். ஆனாலும் பணத்தை மிச்சம் பிடிக்க, எண்ணெய் வயலில் கழிவாகப் போகும் எரிவாயுவைக் குழாய் மூலம் எடுத்து அறைகளைச் சூடாக்கினார்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. அது கசிந்து தரைக்குக் கீழே நிறைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18ஆம் திகதி பிற்பகல், மரவேலை ஆசிரியர் மின்சார இயந்திரம் ஒன்றை முடுக்கினார். ஒரு பொறி போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர், பெரும்பாலும் பிள்ளைகள். பக்கத்துக் கட்டடத்தில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த தாய்மார் ஓடி வந்து கற்குவியலைக் கையால் கிளறியதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டம் இயற்றியது. பொதுமக்களின் உயிரோடு தொடர்புடைய பொறியியல் வேலையை உரிமம் பெற்றவரே பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும் என்றது. எரிவாயுவில் மணம் கலக்க வேண்டும் என்ற சட்டமும் அங்கே அப்போதுதான் வந்தது. நமது குசினியில் காஸ் கசியும்போது வரும் கெட்ட நாற்றமும் இப்படி வேண்டுமென்றே கலக்கப்படுவதுதான்.

இனி வழிமுறை. முதலில் இங்கு பெற்ற பட்டத்தைப் பாடம் பாடமாக மதிப்பிடுவார்கள். பிறகு அடிப்படைப் பரீட்சை: 110 வினாக்கள். அடுத்தது, உரிமம் பெற்றவரின் கீழ் வேலை அனுபவம். அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்துக்கு 4 வருடம், வேறு வகைப் பட்டமானால் அதைவிடக் கூட. தொழில்சார் பரீட்சையும் உண்டு. சிவில் துறையில் 80 வினாக்கள், 8 மணித்தியாலம். டெக்சாஸின் சட்டமும் ஒழுக்கமும் பற்றிய பரீட்சை வேறு. இவளது வேலையை நேரில் அறிந்த, உரிமம் பெற்ற பொறியியலாளர்கள் சான்றும் கூற வேண்டும். எல்லாம் தேறினால் இலக்கமும் முத்திரையும் கிடைக்கும். அதோடும் முடியவில்லை. வருடாவருடம் 15 மணித்தியாலம் படித்துத்தான் உரிமத்தைப் புதுப்பிக்கலாம். மாநிலம் மாறினால் அங்கே வேறு சபை, வேறு விண்ணப்பம்.

உரிமம் இல்லாவிட்டால் வேலையே இல்லை என்று மகள் பயப்பட வேண்டாம். உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். ஆனால் வரைபடத்தில் தன் முத்திரையைக் குத்த முடியாது. முத்திரை குத்தியவர்தான் கட்டடம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு இது நீண்ட வழிதான். பெறாமகள் பிள்ளை நித்திரையான பிறகு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை எடுப்பாள். மருமகனும் சமைக்கக் கற்றுக்கொண்டான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொறியியலாளர்கள் பதிவு செய்ய வேண்டும்.

வாசகிக்கு ஒரு வார்த்தை. மகளின் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகத்தில் இப்போதே விண்ணப்பித்து எடுக்க உதவுங்கள். இங்கே அவள் வேலை செய்திருந்தால், மேலதிகாரி இடம் மாறிப் போகுமுன் என்ன வேலை, எத்தனை மாதம் என்று கடிதமாக வாங்கி வையுங்கள். இடம்பெயர்வில் சான்றிதழ் தொலைந்தவர்கள் பிரதி எடுக்க எத்தனை தடவை அலைந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு பிரதியை உறவினர் வீட்டிலும் வையுங்கள்.