ரிஸர்வ் பாங்கும் வெள்ளக் கணக்கும்

சீதோஷ்ண மாறுதலால் விளையக்கூடிய அபாயங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி வைக்கப் போவதாக 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ரிஸர்வ் பாங்கு அறிவித்தது. இத்திட்டத்துக்கு இரண்டு பாகங்கள். எந்தத் தகவல் எங்கே கிடைக்கும் என்று காட்டும் அட்டவணை முதற் பாகம். அது யாவருக்கும் பொது. அத்தகவல்களைச் சீர்படுத்தி, உபயோகத்துக்குத் தகுந்த ரூபத்தில் கொடுப்பது இரண்டாம் பாகம். அது ரிஸர்வ் பாங்கின் ஆதிக்கத்துக்குட்பட்ட பாங்குகளுக்கும் நிதி ஸ்தாபனங்களுக்கும் மாத்திரமே என்று அறிவிப்பில் கண்டிருந்தது. முதற் பாகத்தை வரவேற்கிறோம். இரண்டாவதைப் பற்றி நமக்கு ஆக்ஷேபணை உண்டு.

மூலதனம் போடுகிறவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றிய கவலை ஏன்? 2011-ல், நம் முன்னோர் ஸயாம் என்று அழைத்த தாய்லாந்தில், சாவோ பிரயா நதி பெருகி ஏழு தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தது. ஹோண்டா மோட்டார் தொழிற்சாலை நின்றுபோயிற்று. கம்ப்யூட்டர்களுக்கு வேண்டிய ஹார்ட் டிஸ்குகளுக்கு உலகமெங்கும் பஞ்சம் ஏற்பட்டது. சேதமும் நஷ்டமுமாக 4,500 கோடி டாலருக்கு மேல் என்று உலக பாங்கு மதிப்பிட்டது. ஐந்தொகைக் கணக்கை வரிவரியாகப் படிக்கிற முதலாளிகள், ஆலை எந்த ஆற்றங்கரையில் நிற்கிறதென்று கேட்கத் தொடங்கியது இத்தகைய அடிகள் பட்ட பிறகுதான்.

இன்று அவர்கள் கணக்குப் பார்க்கும் விதம் இது. ஆலையின் விலாசத்தை வாங்கி வெள்ளப் படத்தில் குறிக்கிறார்கள். நூற்றாண்டு வெள்ளம் வந்தால் அங்கே எத்தனை அடி நீர் நிற்கும்? (நூறு வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும் என்று இதற்கு அர்த்தமல்ல, ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கு ஒரு பங்கு வரக்கூடும் என்பதே அர்த்தம்.) அத்தனை அடி நீரில் இயந்திரங்களில் எவ்வளவு கெடும், வேலை எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்து, நஷ்டத்தை ரூபாயில் மதிப்பிடுகிறார்கள். உஷ்ணத்துக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் இதே போன்ற கணக்குகள் உண்டு. பிறகு வட்டியை உயர்த்துவார்கள். அல்லது தளத்தை உயர்த்தச் சொல்லுவார்கள். அல்லது பணத்தை வேறு ஊருக்குக் கொண்டு போவார்கள்.

இதில் குற்றமில்லை. தன் பணத்தைக் காப்பாற்ற யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருப்பவனை நினைத்துப் பாருங்கள். 2015-ல் அடையாறு அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் புகுந்தது. 2023 டிசம்பர் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் நின்றது. அவன் கடனுக்குப் போகும்போது, அவன் இடத்தைப் பற்றிய கணக்கு பாங்கு ஏஜெண்டின் மேஜைமேல் இருக்கும். அவன் அதைப் பார்க்க முடியாது. ஒருவனுக்கு விரோதமாக உபயோகிக்கும் சாட்சியத்தை அவனுக்குக் காட்டாமல் தீர்ப்புச் சொல்ல எந்த முன்சீபும் துணியமாட்டார்.

தகவல் வெளிப்பட்டால் மனை விலை விழும், பீதி உண்டாகும் என்பார்கள். விலை விழத்தான் செய்யும். அறியாமல் வாங்குகிறவன் தலையில் அந்த நஷ்டத்தைக் கட்டுவதைவிட அது மேல். கணக்குகள் திட்டமானவை அல்ல, ஒரே கட்டடத்துக்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமான அபாயம் சொல்லுகின்றன என்பதும் வாஸ்தவமே. அதனால்தான் தெருவில் எதுவரை நீர் வந்தது என்று கண்ணால் கண்டவன் அந்தக் கணக்கைத் திருத்த இடம் வேண்டுமென்கிறோம்.

மேலும், இத்தகவலின் மூலம் யாருடையது? 1875 முதல் இந்திய வானிலை இலாகா மழையை அளந்து வருவது ஜனங்களின் வரிப்பணத்தில். அந்த அளவுகளை வைத்துச் செய்த படத்தை வரி கொடுத்தவனுக்கே மறைப்பதற்கு நியாயம் ஏதும் நமக்குப் புலப்படவில்லை. தனிப்பட்ட கடன்காரர்களின் கணக்கு இரகசியமாயிருக்கட்டும். வெள்ளப் படம், உஷ்ணப் படம் இவற்றையாவது ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸிலும், நகரசபை வார்டிலும், தமிழில், பார்வைக்கு வைக்கும்படி ரிஸர்வ் பாங்கும் மத்திய சர்க்காரும் உத்தரவிட வேண்டும். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நம் பிரதிநிதிகள் இதைக் கேள்வியாகக் கொண்டுவர வேண்டும்.