கடிதம் யார் கையில்?

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கம் தன் கடிதங்களையே தொலைத்துவிட்டு நின்றது. அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பினுள் கப்பம் கேட்கும் தீநிரலொன்று புகுந்து, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகளைத் தாக்கிற்று. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளக் கிடைக்கவில்லை. அக்காலத்துக்குரிய பிரதியைப் புறம்பாக எடுத்துவைப்பார் இருக்கவில்லை. பாவனையில் இருந்ததோ 2013 ஆம் ஆண்டின் பழைய மென்பொருள். அதனை ஆக்கிய மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்ன கூறுகின்றது? புதிதாக உருவாகும் ஒவ்வொரு பதிவேட்டையும் 12 ஆண்டுகளுக்குக் குறையாது பேணுதல் வேண்டும் என்று அதன் 7 ஆம் பிரிவு பணிக்கின்றது. சட்டம் பன்னிரண்டு ஆண்டு என்கின்றது. சர்க்காரோ மூன்று மாதத்தையும் காக்க இயலாது போயிற்று!

கொழும்பிலே இஃது இரண்டொரு நாட் செய்தி. வன்னியிலே அவ்வாறு கருதிவிட முடியாது. கடதாசி ஒன்றின் பெறுமதி எத்தகையது என்பதை எம்மைப் போல் அறிந்தவர் யார்? கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை 2008 இலும் 2009 இலும் நடந்த மக்கள், உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் பதுங்கு குழிகளிலும் பாதையோரங்களிலும் விட்டுவிட்டே செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். யுத்தத்தினால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்கு ஆட்சியுரிமைக் காலக்கணக்கில் விலக்களிக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நன்று. இழந்த காலத்தை அச்சட்டம் ஓரளவு மீட்டுத் தந்தது. இழந்த கடதாசியை எச்சட்டம் மீட்டுத் தரும்?

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானியை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி உள்ளிட்ட வட மாகாண மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிகளுக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருமாறு அது பணித்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின்னரே அது நிறுத்தப்பட்டது. அந்த மூன்று மாதங்களில் எத்தனை கமக்காரர் பழைய மனுவின் பிரதியையும், கச்சேரி அனுப்பிய பதிலையும் தேடி அலைந்தனர்!

இன்று மனுக்கள் மின்னஞ்சலில் போகின்றன. பிரதேச செயலகத்துக்கும் வனத் திணைக்களத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அவ்வாறே எழுதுகின்றோம். ரொறன்ரோவிலுள்ள தமையன் தன்னிடமுள்ள பழைய உறுதியின் படத்தை அவ்வழியே அனுப்புகின்றான். அக்கடிதங்கள் எங்கே தங்குகின்றன? சந்தியிலுள்ள கணினிக் கடைத் தம்பி திறந்துகொடுத்த கணக்கிலே. அதன் கடவுச்சொல் அவருக்கே நினைவிருக்கும். அவர் கட்டாருக்குப் போய்விட்டால் அதுவும் போயிற்று. மூலக் கடிதம் இருப்பதோ கடல் கடந்த நிறுவனமொன்றின் களஞ்சியத்தில். ஆகவே வழக்கறிஞரிடத்தும் கமக்காரர் அமைப்புகளிடத்தும் நாம் வற்புறுத்துவது ஒன்று: கடிதத்தின் பிரதி உங்கள் மேசையிலுள்ள கணினியிலேயே இருத்தல் வேண்டும்.

அதற்குப் புதிய இயந்திரம் வேண்டியதில்லை. கிளோஸ் மெயில் என்றொரு மின்னஞ்சல் மென்பொருள் உண்டு. ஜப்பானியரான ஹிரோயுகி யமமோட்டோ ஆக்கிய சில்ஃபீட் என்பதன் கிளையாக 2001 இல் தோன்றியது. விலையில்லை, மூலநிரல் யாவரும் பார்க்கக் கூடியது. பத்தாண்டு கடந்த கணினியிலும் இலகுவாக ஓடும். ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனிக் கோப்பாக இலக்கமிட்டு வைக்கும் அதன் முறை, பழைய கந்தோர்களில் கோவையிட்டுக் கட்டிவைத்த முறையை ஒத்தது. இணைப்பு அறுந்த நாளிலும் இறக்கிவைத்த கடிதத்தைத் திறந்து வாசிக்கலாம். முழுக் கோவையையும் சிறியதொரு நினைவுக் குச்சியிற் பிரதி செய்து வேறொரு வீட்டில் வைக்கலாம். அரசாங்கம் செய்யத் தவறியது இவ்வளவே.

அதன் மற்றொரு குணத்தையும் சொல்லவேண்டும். அலங்காரம் பூட்டிய கடிதங்களையும் அது எழுத்தை மட்டும் பிரித்தெடுத்தே காட்டும். தானும் வெறும் எழுத்தாகவே அனுப்பும். இது குறையன்று. கடிதத்தினுள் கண்ணுக்குத் தெரியாத சிறு படமொன்றை ஒளித்து, அதனைத் திறந்த நேரத்தையும் திறந்த இணைய முகவரியையும் அனுப்பியவர் அறிந்துகொள்ளும் தந்திரம் இன்று சர்வசாதாரணம். படத்தை அழைக்காத மென்பொருளிடம் அத்தந்திரம் பலிக்காது. வங்கியின் பெயரைக் காட்டி வேறிடத்துக்கு இழுக்கும் இணைப்பானால், காட்டிய முகவரியும் கொண்டுசெல்லும் முகவரியும் வேறென எச்சரிக்கின்றது. 2018 மேயில் ஐரோப்பிய ஆய்வாளர்கள், மறையாக்கிய கடிதங்களையும் அலங்காரக் காட்சியின் ஓட்டைவழியே கசியச் செய்யலாமென எண்பித்தபோது, வெறும் எழுத்தாக வாசியுங்கள் என்பதே உடனடிப் பரிகாரமாகக் கூறப்பட்டது.

தமிழில் எழுதுவோர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பாமினி எழுத்துருவில் தட்டிய மனு வெறும் எழுத்தாகப் போகும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகவே மறுகரையைச் சேரும். ஒருங்குறியில் எழுதுங்கள்; தமிழில் எழுதிய மனு விளங்கவில்லை என்று தட்டிக்கழிக்க அதிகாரிக்கு நாமே சாக்குக் கொடுப்பானேன்?

வழக்கறிஞருக்கு இது வசதியின் விடயம் மட்டுமன்று. கட்சிக்காரர் நம்பிக் கூறியதை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு தடுக்கின்றது. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் வாக்குமூலத்தையும், 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டவரின் அறிவுறுத்தலையும் திறந்த அஞ்சலட்டைபோல் அனுப்பலாமா? பில் சிமர்மன் என்ற அமெரிக்கர் 1991 இல் வெளியிட்ட பி.ஜி.பி. என்னும் மறையாக்க முறையைப் பின்பற்றும் இணைப்புகளும் கிளோஸ் மெயிலுக்கு உண்டு. பூட்டை ஊரறியக் கொடுத்துத் திறப்பைத் தன்னிடமே வைத்திருப்பது போன்றது அம்முறை.

ஆயின் மிகைப்படுத்தல் எமக்கு உடன்பாடன்று. பூட்டப்படுவது கடிதத்தின் உடலே. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது உறையின்மேல் எழுதியதுபோல வெளியே தெரியும். மறையாக்காது வந்த கடிதங்கள் கணினியிலும் வெறும் கோப்புகளாகவே கிடக்குமாதலால், கணினி பிறர் கைக்குப் போனால் அவற்றையும் வாசிக்கலாம். அதற்குச் சேமிப்புத் தட்டு முழுவதையும் தனியே மறையாக்கவேண்டும். கூகிள் கணக்கை இதனுடன் இணைப்பதும் சற்றுத் தலையிடி தரும் வேலைதான். பழகிய இளைஞர் ஒருவர் ஒருநாட் பொழுதைச் செலவிட்டால் ஒரு சட்ட அலுவலகத்தையோ ஒரு கமக்காரர் அமைப்பையோ ஒழுங்குசெய்துவிடலாம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சட்டத்தரணிகள் சங்கங்கள் இதனை ஏன் முன்னின்று செய்யக்கூடாது?

அரசாங்கத்திடம் நாம் கோருவதும் ஒன்றுண்டு. மின்னஞ்சலில் வரும் ஒவ்வொரு மனுவுக்கும் இலக்கமும் திகதியும் இட்ட பற்றறிவிப்பைத் தமிழிலேயே அனுப்புமாறு ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் சுற்றறிக்கை போகவேண்டும். இலத்திரன் வடிவில் உள்ளதென்ற காரணத்தால் மட்டும் ஓர் ஆவணத்தைச் சட்டம் புறக்கணிக்கலாகாது என 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் எப்போதோ கூறிவிட்டது. அத்தகைய பதிலொன்று வருமாயின், அது எந்தெந்த நிலையங்களை எந்நேரத்தில் கடந்து வந்தது என்ற விபரம் அதன் தலைப்பகுதியிலேயே பதிந்திருக்கும். காணி விசாரணைக்குப் போகும் கமக்காரர், அச்சடித்த தாளோடு அந்த முழுக் கோப்பையும் எடுத்துச் செல்லட்டும்.